ஐரோப்பியர் மிளகுக்காக மட்டும்தான் கடலில் இறங்கினார்களா?

நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் கேட்பாரற்றுக் கிடக்கும் மிளகுக்கும் கிராம்புக்கும் பட்டைக்குமாக, திரும்பி வருவோமா என்ற உறுதியே இல்லாத கடற்பயணங்களில் 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் ஏன் இறங்கினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கெட்டுப்போன இறைச்சியின் நாற்றத்தை மறைக்க அவர்களுக்கு மிளகு தேவைப்பட்டது, 1453இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்து வழியை அடைத்துவிட்டார்கள் என்று பள்ளியில் படித்த இரண்டு காரணங்களையும் சொல்லி, அவை போதுமானவையாகத் தோன்றவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஐயம் சரியானதுதான். உண்மையில் இங்கே இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நறுமணப் பொருள்களுக்கு ஐரோப்பாவில் ஏன் அத்தனை மதிப்பு இருந்தது என்பது ஒன்று. அந்த மதிப்பு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எல்லோருக்கும் தெரிந்திருந்தும், குறிப்பாக 15ஆம் நூற்றாண்டில், அதுவும் ஐரோப்பாவின் ஓரத்தில் இருந்த போர்த்துகலும் காஸ்டிலும் (இன்றைய ஸ்பெயினின் பெரும்பகுதி) மட்டும் ஏன் புறப்பட்டன என்பது மற்றொன்று. பாடநூல்கள் முதலாவதற்கு அரைகுறையாக விடை சொல்லி, இரண்டாவதை விட்டுவிடுகின்றன.

நான் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன். அவற்றில் பெரும்பகுதி இந்தியப் பெருங்கடல் வணிகத்தைப் பற்றிய தாளுக்கே போனது. ஆனால் போர்த்துகீசிய மொழியிலும் லத்தீனிலும் உள்ள மூல ஆவணங்களை நேரடியாகப் படிக்கும் பயிற்சி எனக்கில்லை. மொழிபெயர்ப்புகள் வழியாகவே அவற்றை அறிவேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவும், ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருப்பதை அவ்வாறே குறிப்பிட்டும் எழுத முயல்கிறேன்.

இறைச்சிக் கதையை முதலில் ஒதுக்கிவிடலாம். உப்பிட்டும் புகையூட்டியும் காயவைத்தும் இறைச்சியைப் பாதுகாக்க ஐரோப்பியருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மிளகு அந்த வேலையைச் செய்வதில்லை. கெட்ட இறைச்சியை விற்றவர்களைத் தண்டிக்கும் விதிகள் இடைக்கால நகரங்களில் இருந்தன. இவற்றையெல்லாம்விட எளிய மறுப்பு ஒன்று உண்டு: மிளகையும் கிராம்பையும் விலை கொடுத்து வாங்கக்கூடிய ஒருவன், அன்றைக்கு அறுத்த இறைச்சியை அதைவிடக் குறைந்த செலவில் வாங்கியிருக்க முடியும். பட்டுப்புடவை வாங்கப் பணம் வைத்திருப்பவள் கிழிசலை மறைக்கத்தான் அதை வாங்குகிறாள் என்று சொல்வதைப் போன்றது இந்தக் கதை. இன்றைய ஆய்வாளர்களில் இதை ஏற்பவர் அநேகமாக எவருமில்லை. ஆனாலும் பாடநூல்களிலிருந்து இது போக மறுக்கிறது.

அப்படியானால் எதற்காக வாங்கினார்கள்? மருந்துக்காக என்பது விடையின் பெரிய பகுதி. கிரேக்கரிடமிருந்தும் அரபு மருத்துவரிடமிருந்தும் பெற்ற மருத்துவ முறைப்படி, உடலில் நான்கு நீர்மங்கள் உண்டு, ஒவ்வொரு உணவுக்கும் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்ற குணங்கள் உண்டு என்று அவர்கள் நம்பினார்கள். மீனும் பல வகை இறைச்சிகளும் குளிர்ச்சியும் ஈரமும் உடையவை; மிளகும் இஞ்சியும் கிராம்பும் சூடும் வறட்சியும் உடையவை; ஆகவே ஒன்றை மற்றொன்றால் சமன்செய்ய வேண்டும். சளிக்கு மிளகு ரசமும் வாயுவுக்குச் சுக்கும் கொடுக்கும் நமக்கு இந்தத் தர்க்கம் சற்றும் அந்நியமாகத் தோன்றாது. இதற்கு மேல் அந்தஸ்து இருந்தது. தொலைவிலிருந்து வரும் பொருளை விருந்தில் தாராளமாகப் பரிமாறுவது செல்வத்தின் அடையாளம். அதற்கும் மேல், கிழக்கைப் பற்றிய ஒரு கனவு இருந்தது. பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியுடன் 13ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற ஜோன்வில் என்ற பிரபு, நைல் நதியில் மாலையில் வலை விரித்தால் காலையில் இஞ்சியும் பட்டையும் அகிலும் சிக்கும், அவை பூலோக சொர்க்கத்து மரங்களிலிருந்து காற்றில் உதிர்ந்து வருபவை என்று அங்குள்ளோர் சொன்னதை எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே, செவில் நகரத்து ஆயர் இசிதோர், மிளகுக் காடுகளைப் பாம்புகள் காக்கின்றன, அவற்றை விரட்டத் தீ வைப்பதால்தான் மிளகு கறுத்துப் போகிறது என்று எழுதினார். பச்சைக் குலையைப் பறித்து வெயிலில் காயப்போட்டால் மிளகு கறுக்கும் என்பது வயநாட்டிலும் கொல்லிமலையிலும் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் விலையைப் பற்றியும் ஒரு மிகையைத் திருத்த வேண்டும். மிளகு எடைக்கு எடை தங்கத்துக்கு விற்றது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அப்படி ஒருபோதும் இல்லை. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டனில் தேர்ந்த தச்சர் ஒருவர் ஒரு பவுண்டு மிளகு வாங்க ஏறத்தாழ இரண்டு நாள் கூலியைக் கொடுக்க வேண்டியிருந்தது. விலை அதிகம்தான், ஆனால் எட்டாத பொருளல்ல. மிளகின் வணிகப் பெருமை அந்த நடுத்தர விலையில்தான் இருக்கிறது: அரசர் மட்டும் வாங்கும் பொருளாக இருந்திருந்தால் ஆண்டுக்குச் சில மூட்டைகளோடு வணிகம் முடிந்திருக்கும், ஊருக்கு ஊர் ஓரளவு வசதியுள்ளவரெல்லாம் சிறிதளவு வாங்கினார்கள் என்பதால் கப்பல் கப்பலாக விற்றது. பல ஆண்டுகளுக்கு முன் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு முதிய மிளகு வியாபாரி, கிடங்கைச் சுற்றிக் காட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "சாரே, இது சோறு கேட்காது, தண்ணீர் கேட்காது, ஈரம் மட்டும் படாமல் வைத்தால் வருஷக்கணக்கில் கிடக்கும்." நான் படித்த பல கட்டுரைகள் சொல்லாததை அந்த ஒரு வாக்கியம் சொன்னது. எடைக்கு விலை அதிகம், கெடாது, உடையாது, மூட்டையில் கொட்டி எந்த இடுக்கிலும் திணிக்கலாம். ஓராண்டுக்கு மேல் நீளும் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கைக் காண்பது அரிது.

இனி 1453. கான்ஸ்டான்டிநோபிளின் வீழ்ச்சி பெரிய நிகழ்ச்சிதான். ஆனால் மிளகு அந்த வழியாக அதிகம் வரவில்லை. மலபாரிலிருந்து அரபிக் கடலைக் கடந்து, செங்கடல் வழியாக எகிப்துக்கும், ஓரளவு சிரியாவுக்கும் சென்று, அலெக்சாந்திரியாவிலும் பெய்ரூட்டிலும் வெனிஸ் நகரத்துக் கப்பல்களில் ஏறியதே பெரும்பகுதி. இந்த இரு துறைமுகங்களும் எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக் சுல்தான்களின் ஆட்சியில் இருந்தன. துருக்கியர் எகிப்தைப் பிடித்தது 1517இல். வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் நங்கூரம் போட்டு 19 ஆண்டுகள் கழித்து. ஆக, இல்லாத அடைப்பைத் தாண்டுவதற்காகக் காமா புறப்பட்டிருக்க முடியாது. வழி அடைபட்டிருந்தால் விலை ஏறியிருக்க வேண்டும். ஆனால் 1453க்குப் பிறகான பத்தாண்டுகளில் வெனிஸில் மிளகு விலை அப்படித் தாவி ஏறவில்லை என்பதை விலைப் பட்டியல்களை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். வழி திறந்தே இருந்தது. கட்டணம்தான் கடுமையாக இருந்தது. 1420களிலேயே மம்லூக் சுல்தான் பார்ஸ்பாய் மிளகு விற்பனையைத் தன் தனியுரிமையாக்கி, வெனிஸ் வணிகரைத் தான் சொன்ன விலைக்கு வாங்க வைத்தார். துருக்கியர் வாதத்தில் மறைமுகமான ஓர் உண்மைத் துளி உண்டு என்று நான் நினைக்கிறேன்: கருங்கடல் பக்கம் பிடி தளர்ந்த ஜெனோவா வணிகர்கள் தங்கள் மூலதனத்தையும் மாலுமித் திறனையும் மேற்கே லிஸ்பனுக்கும் செவிலுக்கும் மேலும் திருப்பினார்கள், கொலம்பஸ் ஜெனோவாக்காரர் என்பது தற்செயல் மட்டும் அல்ல. ஆனால் அவர்களின் மேற்கு நோக்கிய நகர்வு 1453க்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆகவே இதற்கு எவ்வளவு எடை தருவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

கட்டணம் என்றேன். காமாவின் முதல் பயணத்தில் உடன் சென்ற ஒருவர் எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. எழுதியவர் யார் என்பது முழுவதும் உறுதியாகவில்லை. ஆனால் அவர் நேரில் கண்டவர் என்பதில் ஐயமில்லை. அதில் அவர் கள்ளிக்கோட்டையிலிருந்து சரக்கு எப்படிப் போகிறது என்பதைப் படிப்படியாக விவரிக்கிறார்: பெரிய கப்பல்களில் ஜித்தா வரை, அங்கே சுங்கம், பிறகு சிறு கப்பல்களில் செங்கடலின் வட முனை வரை, அங்கே மறுபடியும் சுங்கம், பிறகு ஒட்டகத்தில் கெய்ரோ, அங்கும் சுங்கம், நைலில் படகு, மறுபடியும் ஒட்டகம், அலெக்சாந்திரியா. இவ்வணிகத்தால் சுல்தானுக்கு 6,00,000 குரூசாடோ தங்கக் காசு சுங்க வருமானம் என்றும், அதில் 1,00,000 காசு பிரெஸ்டர் ஜானுக்கு எதிராகப் போர் நடத்த இன்னொரு மன்னனுக்குப் போகிறது என்றும் எழுதுகிறார். எண்கள் சரியா என்பது வேறு விஷயம். அவர் கேள்விப்பட்டதைத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த ஒரு பத்தியில் போர்த்துகீசியரின் மனம் முழுவதும் திறந்து கிடக்கிறது. பிரெஸ்டர் ஜான் என்பவர் கிழக்கே எங்கோ ஆள்வதாக ஐரோப்பா நம்பிய கிறித்தவப் பேரரசர். பிற்காலத்தில் அவரை எத்தியோப்பிய மன்னரோடு இணைத்துப் பார்த்தார்கள். மிளகின் மேல் விழும் சுங்கம் இஸ்லாமிய அரசின் கருவூலத்தை நிரப்புகிறது, அந்தப் பணம் கிறித்தவ மன்னரை எதிர்க்கிறது. ஆகவே மிளகைக் கைப்பற்றுவது லாபமும் ஆகிறது, புனிதப் போரும் ஆகிறது. அவர்கள் மதத்துக்காக வந்தார்களா, பணத்துக்காக வந்தார்களா என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் இந்தப் பத்தியைத்தான் படித்துக் காட்டுவேன். நாம் பிரித்துப் பார்க்கும் இரண்டும் அவர்கள் கணக்கில் ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தன.

இப்போது உங்கள் கேள்வியின் கடினமான பகுதிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் தலைப்பில் நீங்கள் "நறுமணப் பொருள்களும் செல்வமும்" என்று இரண்டையும் தனித்தனியாகச் சொன்னீர்கள். அவை தனித்தனி அல்ல என்பதுதான் நான் இங்கே முக்கியமாகச் சொல்ல விரும்புவது. மேற்கிலிருந்து கிழக்குக்கு விற்க ஐரோப்பாவிடம் பொருள்கள் குறைவு. பவளம், கம்பளித் துணி, செம்பு, பாதரசம் போன்றவை போயின. மீதியைத் தங்கமாகவும் வெள்ளியாகவும் கொடுக்க வேண்டியிருந்தது. இது மிகப் பழைய நிலை. முசிறிக்கு வந்த யவனர் கப்பல்களை அகநானூற்றின் 149ஆம் பாடல் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று நான்கே சொல்லில் சொல்கிறது. கறி என்பது மிளகு. அதே வணிகத்தின் மறுகரையிலிருந்து ரோமானிய அறிஞர் பிளினி, ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) இந்தியாவுக்குப் போகிறது என்று அங்கலாய்த்தார். காரம் என்ற ஒரு குணத்தைத் தவிர மிளகிடம் என்ன இருக்கிறது, அதற்காகவா இந்தியா வரை போகிறோம் என்றும் அலுத்துக்கொண்டார். 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உண்மையிலேயே கடும் பற்றாக்குறை இருந்தது. நாணயச் சாலைகள் பல இடங்களில் நின்றன அல்லது பெயரளவில் ஓடின. அந்தப் பஞ்சத்துக்குக் கீழை வணிகம் எந்த அளவுக்குக் காரணம், வற்றிய சுரங்கங்கள் எந்த அளவுக்குக் காரணம் என்பதில் பொருளாதார வரலாற்றாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் மிளகு வேண்டுமென்றால் முதலில் தங்கம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

இந்த வெளிச்சத்தில் போர்த்துகீசியரின் பயணங்களை வரிசையாகப் பாருங்கள். அவர்கள் 1415இல் மொராக்கோவின் செயுட்டாவைப் பிடித்தார்கள். சகாராப் பாலைவனத்தைக் கடந்து ஒட்டகங்களில் வரும் மேற்கு ஆப்பிரிக்கத் தங்கத்தின் பாதைகளில் ஒன்று அங்கே முடிந்தது. 1434இல் ஜில் ஏனிஷ் என்ற மாலுமி மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையின் பொஜதோர் முனையைத் தாண்டினார். இப்பயணங்களை ஊக்குவித்த இளவரசர் ஹென்றியின் நோக்கங்களை அவருடைய வரலாற்றாசிரியர் சுராரா ஐந்தாக எழுதி வைத்திருக்கிறார்: அப்பால் உள்ள நிலத்தை அறிவது, அங்கே வணிகம் செய்யத்தக்க கிறித்தவர் உண்டா என்று பார்ப்பது, மூர்களின் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்களின்) வலிமை எவ்வளவு தூரம் நீள்கிறது என்று அறிவது, உதவக்கூடிய கிறித்தவ மன்னரைத் தேடுவது, மதத்தைப் பரப்புவது. இவற்றோடு ஆறாவதாக இளவரசரின் ஜாதகத்தையும் சேர்க்கிறார்; கிரகங்கள் அவரைப் பெரிய வெற்றிகளை நோக்கித் தள்ளின என்கிறார். இந்தக் காரணங்களில் மிளகு இல்லை, கிராம்பு இல்லை. சுராரா இளவரசரைப் புகழ்ந்து எழுதுபவர் என்பதால் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சொல்லாமல் விட்ட லாபத்தை அவரே வேறு பக்கங்களில் காட்டிவிடுகிறார்: 1444இல் போர்த்துகலின் லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆப்பிரிக்கர்களை இறக்கிப் பங்கு பிரித்த காட்சியை, தாயையும் பிள்ளையையும் பிரித்த கதறலோடு, அவர்தான் எழுதியிருக்கிறார். அடிமைகள், தங்கம், தந்தம், கினிக் கடற்கரையில் விளைந்த மிளகு போன்ற ஒரு கார விதை. இவைதான் முதல் அரை நூற்றாண்டின் செல்வம். 1457இல் போர்த்துகல் ஆப்பிரிக்கத் தங்கத்தைக் கொண்டு குரூசாடோ காசை வெளியிட்டது. 1482இல் இன்றைய கானா கடற்கரையில் எல்மினா கோட்டையைக் கட்டியது. அந்தப் பெயரின் பொருளே "சுரங்கம்".

ஆகவே அவர்கள் தொடக்கத்திலேயே இந்தியாவைக் குறிவைத்து எண்பது ஆண்டுகள் பொறுமையாகத் திட்டமிட்டார்கள் என்று சொல்லும் வரலாறுகளை நான் நம்புவதில்லை. கடற்கரையை ஒட்டி ஒவ்வொரு முனையாக முன்னேறியபோது, ஒவ்வொரு கட்டமும் அடுத்ததற்கான செலவை ஈட்டிக் கொடுத்தது; போகப் போகத்தான் குறி வளர்ந்தது. இந்தியா தெளிவான இலக்கானது 1480களில், இரண்டாம் ஜுவாங் மன்னர் காலத்தில். அவர் ஒருபுறம் பார்த்தலோமியு டயஸைக் கடல் வழியே அனுப்பினார். டயஸ் 1488இல் ஆப்பிரிக்காவின் தென் முனையைச் சுற்றினார். மறுபுறம் 1487இல் பெரோ ட கொவில்யாங் என்ற அரபு தெரிந்த ஒற்றரை நில வழியே அனுப்பினார். அவர் வணிகரைப் போல வேடமிட்டுக் கண்ணூரையும் கள்ளிக்கோட்டையையும் கோவாவையும் பார்த்தார். அவருடைய அறிக்கை லிஸ்பனுக்குச் சேர்ந்ததா என்பது இன்னும் தீராத கேள்வி. சேர்ந்திருந்தால், காமா அத்தனை மோசமான பரிசுகளோடு வந்திருப்பாரா என்பது என் சந்தேகம். அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும்: 1495இல் மனுவேல் அரியணை ஏறியபோது, இந்தியப் பயணம் வேண்டாம், இருக்கும் கினி வணிகமே போதும், தொலைவில் பகையைத் தேடிக்கொள்ள வேண்டாம் என்று அவருடைய அவையில் பெரும்பாலோர் எதிர்த்ததாகப் போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்களே எழுதுகிறார்கள். "ஐரோப்பியர் விரும்பினார்கள்" என்று மொத்தமாகச் சொல்லும்போது இந்த எதிர்ப்பு காணாமல் போய்விடுகிறது.

கொலம்பஸ் விஷயத்தில் நோக்கத்தை ஊகிக்கத் தேவையே இல்லை, ஒப்பந்தம் இருக்கிறது. 1492 ஏப்ரல் 17 அன்று சாண்டா ஃபேயில் ஸ்பெயின் அரசரோடும் அரசியோடும் கையெழுத்தானது. முத்து, மணிக்கற்கள், தங்கம், வெள்ளி, நறுமணப் பொருள்கள், பிற சரக்குகள் எவையானாலும் செலவு போகப் பத்தில் ஒரு பங்கு அவருக்கு. பொருள்களின் இந்த வரிசையைக் கவனியுங்கள்; உலோகமும் நறுமணமும் ஒரே மூச்சில் வருகின்றன. பூமியின் சுற்றளவை அவர் மிகவும் குறைத்துக் கணக்கிட்டிருந்தார். போர்த்துகீசிய வல்லுநர்கள் அவரை 1480களில் நிராகரித்தது அறியாமையால் அல்ல, அவர்களுடைய கணக்கு சரியாக இருந்ததால்தான். கியூபாவில் தீவு மக்களிடம் மிளகையும் பட்டையையும் காட்டி, இது இங்கே விளைகிறதா என்று கேட்டார். அவர்களும் தென்கிழக்கே நிறைய இருக்கிறது என்று சைகை காட்டியதாக எழுதிக்கொண்டார். 1493 ஜனவரியில், இவர்கள் "அஹி" என்று ஒன்றைச் சாப்பிடுகிறார்கள், அது மிளகைவிட மேலானது என்று குறித்தார். அது மிளகாய். நம் மொழியில் மிளகு என்ற பெயரின்மேல் காய் ஏறியது பிறகு நடந்த கதை.

காமாவின் கதையை அதிகம் சொல்லத் தேவையில்லை என்றாலும், கள்ளிக்கோட்டையில் நடந்த ஒரு காட்சி உங்கள் கேள்விக்கு நேரான விடை. 1498 மே மாதம் அங்கே வந்து சேர்ந்ததும் தாம் இறங்காமல், போர்த்துகலில் தண்டனை பெற்று நாடுகடத்தப்பட்ட ஒருவரைக் காமா கரைக்கு அனுப்பினார். ஐரோப்பிய மொழி தெரிந்த துனீசியா வணிகர் இருவர் அவரைப் பார்த்து, எந்தப் பேய் உன்னை இங்கே கொண்டுவந்தது என்று கேட்க, கிறித்தவர்களையும் நறுமணப் பொருள்களையும் தேடி வந்தோம் என்றார் அவர். பிறகு கள்ளிக்கோட்டை மன்னரான சாமூதிரிக்குக் கொண்டுபோகக் காமா எடுத்து வைத்த பரிசுகள்: 12 துண்டு கோடுபோட்ட துணி, 4 சிவப்பு முக்காடு, 6 தொப்பி, 4 சரம் பவளம், கைகழுவும் பாத்திரம் ஆறு, ஒரு பெட்டி சர்க்கரை, எண்ணெயும் தேனும் இரண்டிரண்டு பீப்பாய். சாமூதிரியின் அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் ஏழை வணிகன்கூட இதைவிட அதிகம் கொடுப்பான், கொடுப்பதானால் தங்கம் கொடுங்கள் என்றார்கள். சாமூதிரியே பின்னர் காமாவிடம், நீ கண்டறிய வந்தது கற்களையா, மனிதர்களையா, மனிதர்களை என்றால் ஏன் ஒன்றும் கொண்டுவரவில்லை என்று கேட்டார். கடைசியில் போர்த்துகல் மன்னருக்கு எழுதிய பனையோலைக் கடிதத்தில், என் நாட்டில் பட்டையும் கிராம்பும் இஞ்சியும் மிளகும் மணிக்கற்களும் நிறைய உண்டு, பதிலுக்கு நான் கேட்பது தங்கம், வெள்ளி, பவளம், சிவப்புத் துணி என்று குறிப்பிட்டார். முசிறியின் கணக்கு 1,400 ஆண்டுகளுக்குப் பிறகும் மாறவில்லை.

அந்தப் பயணத்தைப் பற்றி இரண்டு கதைகளை எச்சரிக்கையோடு படியுங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தியிலிருந்து காமாவுக்கு வழிகாட்டியவர் புகழ்பெற்ற அரபு மாலுமி இப்னு மாஜித் என்பது ஒன்று; அது பிற்கால நூல் ஒன்றிலிருந்து பரவியது, உடன் சென்றவர்களின் குறிப்புகள் அதை ஆதரிக்கவில்லை. முதலீட்டைப் போல 60 மடங்கு லாபம் கிடைத்தது என்பது மற்றொன்று. கொண்டுபோன சரக்கு சரியாக விற்காமல், வாங்கியதும் குறைவாக இருந்த ஒரு பயணத்துக்கு இது பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். உறுதியானது இது: தென்மேற்குப் பருவக்காற்றோடு மாலிந்தியிலிருந்து 23 நாளில் மலபார் மலைகளைக் கண்டவர்கள், உள்ளூர் மாலுமிகள் காத்திருக்கும் பருவத்தைப் பொருட்படுத்தாமல் திரும்பியதால் அதே கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதம் எடுத்தார்கள். அந்தக் கடப்பில் மட்டும் 30 பேர் ஈறு வீங்கிச் செத்தார்கள். ஆள் போதாமல் ஒரு கப்பலைக் கொளுத்தினார்கள். இத்தனைக்குப் பிறகும் மறுபடியும் போனார்கள் என்பதே லாபத்தின் அளவைச் சொல்கிறது. சாதாரண மாலுமிக்கும் அதில் பங்கு உண்டு. பின்னாளில் சம்பளத்தோடு, குறிப்பிட்ட அளவு மிளகைத் தன் சொந்தக் கணக்கில் கப்பலில் ஏற்றிக்கொள்ளும் உரிமையும் அவனுக்கு இருந்தது. ஊரில் நிலமில்லாத ஒருவனுக்கு அந்த இரண்டு மூட்டை மிளகு, மன்னருக்குக் கள்ளிக்கோட்டை எவ்வளவோ அவ்வளவு.

விற்கப் பொருளில்லை, கொடுக்கப் போதிய தங்கமுமில்லை என்ற நிலையில்தான் பீரங்கி வணிகத்துக்குள் வந்தது. போர்த்துகீசியத் தளபதி காப்ரால் 1500இல் 13 கப்பல்களோடு புறப்பட்டு, ஆறு கப்பல்களோடு வந்து சேர்ந்தார். கள்ளிக்கோட்டையில் மோதல் வெடித்ததும் நகரத்தின்மேல் குண்டு வீசிவிட்டுக் கொச்சிக்குப் போனார். 1502இல் காமா மறுபடியும் வந்து, மெக்காவிலிருந்து பயணிகளோடு திரும்பிய கப்பலைக் கொளுத்தினார். பிறகு போர்த்துகீசியரின் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பல் எதுவும் இந்தக் கடலில் பாதுகாப்பாக ஓட முடியாது என்ற நிலையை உண்டாக்கினார்கள். கோவா 1510இலும் மலாக்கா 1511இலும் அவர்கள் வசமாயின. சுங்கம் கொடுக்காமல் தப்ப வந்தவர்கள் சுங்கம் வசூலிப்பவர்களாக மாறினார்கள். ஆனாலும் செங்கடலின் வாயில் அவர்களிடம் சிக்கவில்லை; 16ஆம் நூற்றாண்டின் நடுவில் வெனிஸுக்கு மிளகு பழைய அளவில் மறுபடியும் போய்ச் சேர்ந்தது. கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் நடந்த ஓட்டத்தைப் பற்றி ஒரு செய்தி போதும்: ஸ்பெயின் அனுப்பிய மகெல்லனோடு 1519இல் ஐந்து கப்பல்களில் ஏறத்தாழ 240 பேர் புறப்பட்டு, 1522இல் ஒரே கப்பலில் 18 பேர் திரும்பினார்கள். மகெல்லன் வழியிலேயே கொல்லப்பட்டார். அந்த ஒரு கப்பலில் வந்த கிராம்பு, முழுப் பயணத்தின் செலவையும் ஏறத்தாழ ஈடுகட்டியது. அதை ஓட்டி வந்த எல்கானோவுக்கு ஸ்பெயின் மன்னர் கொடுத்த குலச் சின்னத்தில் பட்டையும் ஜாதிக்காயும் கிராம்பும் பொறிக்கப்பட்டன.

கொடுக்க வேண்டிய உலோகத்துக்கு என்ன செய்தார்கள் என்பது மட்டும் மீதி. அது கொலம்பஸ் போன பக்கத்திலிருந்து வந்தது. இன்றைய பொலிவியாவின் பொத்தோசி மலையில் 1545இல் வெள்ளி கிடைத்தது. உள்ளூர் மக்களைக் கட்டாய உழைப்பில் சுரங்கத்துக்குள் இறக்கி அதை வெட்டி எடுத்தார்கள். ஸ்பெயினின் நாணயச் சாலைகளில் ரியால் காசுகளாக வார்க்கப்பட்ட அமெரிக்க வெள்ளி செவில் வழியாக லிஸ்பனுக்குப் போய், அங்கிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏறிக் கொச்சியில் இறங்கியது. மிளகை எடை போட்டுக் கொடுத்த வணிகர்கள் அந்தக் காசுகளையும் எடை போட்டே வாங்கிக்கொண்டார்கள்.